பல துறைகள், ஒரே கட்டளை: சாந்த்ராகாச்சி கற்பிக்கும் பாடம்

கொல்கத்தாவுக்குச் சென்று வரும் தமிழகப் பயணிகளுக்குச் சாந்த்ராகாச்சி அறிமுகமான பெயர். ஹவுரா மாவட்டத்தில் உள்ள அந்த ரயில் சந்திப்பில், 2018 அக்டோபர் 23 அன்று மாலை, நாகர்கோவில்–ஷாலிமார் விரைவு ரயிலும் இரண்டு புறநகர் மின்ரயில்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் செல்லும் ரயில்களும் வரவிருந்தன. இறங்கியோரும் ஏற விரைந்தோரும் நடைமேம்பாலத்தில் நெருக்குண்டதில் இருவர் உயிரிழந்தனர். பத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

இத்தகைய ஒரு விபத்தில் எத்தனை துறைகள் கைகோக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிப்போம். நடைமேடையும் பாலமும் ரயில்வேக்கு உரியவை. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசின் கீழ் இயங்குகிறது. வழக்குப் பதியும் ரயில்வே காவல் துறையோ மாநில அரசைச் சேர்ந்தது. தீயணைப்புத் துறை, மாவட்ட நிர்வாகம், மாநில மருத்துவமனைகள் ஆகியவையும் மாநிலத்தின் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரி, தனித் தகவல் தொடர்பு உண்டு. இவை ஒரே மனிதனின் கைகளைப் போல் இயங்குவது எவ்வாறு?

கட்டளை முறை பிறந்த கதை

1970-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பரவிய காட்டுத்தீ, 13 நாட்களில் 16 உயிர்களைக் குடித்தது. தீயணைப்பு வீரர்களும் வண்டிகளும் குறைவாக இருந்ததைவிட, வந்து குவிந்த அமைப்புகளை ஒருங்கிணைக்க வழி இல்லாததே பெருங்குறை எனப் பின்னர் தெரியவந்தது. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். ஒருவர் பேசுவது மற்றவர் வானொலியில் கேட்காது. அந்த அனுபவத்திலிருந்தே 'சம்பவக் கட்டளை முறை' உருவாயிற்று. நம் நாட்டின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010-இல் இதையொட்டிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாவட்ட அளவில் ஆட்சியரே பொறுப்பு அதிகாரி. களத்தில் ஒருவரே கட்டளைத் தலைவர். எத்துறையினராயினும் அவரிடம் பதிவுசெய்துகொண்டே பணியில் இறங்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

வரைபடத்தின் மதிப்பு

கொல்கத்தாவின் ஸ்டிராண்டு சாலையில் உள்ள ரயில்வே அலுவலகமான நியூ கொய்லாகாட் கட்டடத்தின் 13-ஆம் மாடியில் 2021 மார்ச் 8 அன்று தீப்பற்றியது. ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் தீயணைப்பு வீரர்கள். காவல் துறை, ரயில்வே பாதுகாப்புப் படை, ரயில்வே அலுவலர்கள் எனப் பிற துறையினரும் இருந்தனர். மின்தூக்கியில் மேலே சென்றதே பலரின் உயிரிழப்புக்குக் காரணமாயிற்று. கேட்டும் கட்டட வரைபடம் கிடைக்கவில்லை என மாநில முதலமைச்சர் குறை கூறினார். மாநில அரசுடன் ஒருங்கிணைந்தே செயல்பட்டதாக ரயில்வே அமைச்சர் தெரிவித்தார். இவ்விவாதம் எவ்வாறாயினும், கட்டடத்தை அறிந்தவரும் தீயை அறிந்தவரும் முதல் நிமிடத்திலேயே சந்திக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. அவசர அழைப்புக்கு 112, தீயணைப்புக்கு 101. இடம், அருகிலுள்ள அடையாளம், எத்தனையாவது மாடி, உள்ளே சிக்கியோர் எத்தனை பேர் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுக.

2. குடியிருப்பிலோ கடையிலோ ஒருவர் வாயிலில் நின்று, வரும் வண்டிக்கு வழிகாட்டுக. தலைமை மின்விசை, எரிவாயு அடைப்பான், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு ஆகியவற்றைக் குறித்த வரைபடம் ஒன்று தரைத்தளத்தில் இருக்கட்டும்.

3. தீயின்போது மின்தூக்கியைத் தவிர்த்துப் படிக்கட்டையே பயன்படுத்துக.

4. ரயில் நிலையப் பாலத்தில் நெரிசல் கண்டால் உள்ளே நுழையாது கீழேயே நிற்க. தவறவிட்ட ரயிலுக்கு மாற்று உண்டு.

விபத்துக்குப் பின்

துறைகளின் ஒருங்கிணைப்பு காகிதத்திலும் தேவைப்படுகிறது. கடைக்கோ வீட்டுக்கோ எடுத்த தீ விபத்துக் காப்பீட்டில் இழப்பீடு கோரும்போது, தீயணைப்புத் துறையின் அறிக்கையும் காவல் துறையின் பதிவும் பொதுவாகக் கேட்கப்படும். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரையிலான வங்கிக் கணக்குதாரர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதைப் பெற முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் ஆகியவை தேவை. இவற்றைத் தருவோர் வெவ்வேறு அலுவலகத்தார். துயரில் ஆழ்ந்த குடும்பம் ஒவ்வொரு படியாக ஏறியிறங்க வேண்டியிருக்கிறது. எனவே, கணக்கில் நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா, சந்தா இவ்வாண்டு பிடிக்கப்பட்டுள்ளதா என்பதை இன்றே கிளையில் சரிபார்த்துக்கொள்க. காப்பீடு உள்ள செய்தியை வீட்டாரிடமும் சொல்லி வைக்க வேண்டும். அறியாத காப்பீட்டை எவரும் கோர இயலாது.