பூட் லோடருக்கு இடம் எங்கே?

நம்ம பெரிய காஞ்சிபுரத்துத் தறியில் பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்கிற மாதிரி, லினக்ஸின் எல்.வி.எம். பல பார்ட்டிஷன்களை ஒன்றாக்கும். பயாஸுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. டிஸ்க்கின் முதல் 512 பைட்டைத்தான் படிக்கும். மிச்சம் கிரப் 2-வின் வேலை. ஆனால் அதன் மையக் கோப்பு, முதல் பார்ட்டிஷனுக்கு முன்னுள்ள இடைவெளியில் அடங்கணும். பார்ட்டிஷன் 63-ஆம் செக்டாரில் தொடங்கும் பழைய டிஸ்க்கில் அது 31 கே.பி.தான். எல்.வி.எம். மாட்யூலும் சேர்ந்ததும் எனக்கு இடம் போதவில்லை. பிராஜெக்ட் ரிப்போர்ட் உள்ளே மாட்டிக்கொண்டது!

லைவ் யு.எஸ்.பி.யில் பூட் செய்து, வால்யூம் குரூப்பை ஆக்டிவேட் செய்தேன். எல்.வி.எம்.முக்கு வெளியே இருந்த ஸ்வாப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்து, பூட் கோப்புகளை அதற்கு மாற்றி, கிரப்பை மறுபடி நிறுவினேன். நிறுவ வேண்டியது முழு டிஸ்க்கில், 'எஸ்.டி.ஏ.1'-இல் அல்ல. எஃப்ஸ்டேப்பில் ஸ்வாப் வரியை எடுத்துவிட்டு '/பூட்' வரியைச் சேருங்கள். மறந்தால் அடுத்த கெர்னல் பழைய இடத்திலேயே போய் உட்காரும்.