குடிப்பெயரும் குருதிவழியும்

நம்மவருள் தந்தை பெயரின் முதலெழுத்து மைந்தன் பெயருக்கு முன் நிற்பதும், பேரன் காலத்தில் அவ்வெழுத்து மாறிவிடுவதும் பெருவழக்கு. ஆங்கிலேயர்க்கோ குடிப்பெயர் என ஒன்று உண்டு. அது தந்தையினின்று மைந்தனுக்குத் தலைமுறைதோறும் மாறாது வரும். இவ்வழக்கம் அந்நாட்டிலும் மிகத் தொன்மையானதன்று. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொண்ட பின்னரே, முதலில் நிலக்கிழாரிடத்தும், பின்பு சில நூற்றாண்டுகளில் ஏனையோரிடத்தும் அது பரவிற்று. ஸ்மித் என்பது தொழிலால் வந்த பெயர். கொல்லன் என்பது அதன் பொருள். ஸைக்ஸ் என்பது இடத்தால் வந்தது. வட இங்கிலாந்தில் சிற்றோடையைக் குறிக்குஞ் சொல்லினின்று அது பிறந்தது.

ஆயின், ஸைக்ஸ் என்பார் அனைவரும் ஓடைக்கரையில் வாழ்ந்த ஒருவனது சந்ததியாரோ, அன்றி ஓடையுள்ள ஊர்தோறும் தனித்தனியே இப்பெயர் தோன்றியதோ? திருச்சபைப் பதிவேடுகள் 1538-ஆம் ஆண்டிலேயே தொடங்குகின்றனவாதலின், அதற்கு முற்பட்ட வழியை அவற்றிற் காண்டல் இயலாது. ஈண்டு உயிர்நூல் துணைபுரிகின்றது. நம் உயிரணுக்களிலுள்ள டி. என். ஏ. என்னும் மரபுப்பொருளில் ஒய் குரோமோசோம் என்பதொரு பகுதி ஆடவரிடத்து மட்டுமே உளது. குடிப்பெயரைப் போலவே அதுவும் தந்தையினின்று மைந்தனுக்கே செல்லும். அதன் சிற்சில இடங்களில் ஒரே தொடர் பன்முறை அடுக்கி வரும். எத்தனை முறை அடுக்கியுளது என்னும் எண் எப்போதோ ஒருமுறை மாறுமன்றிப் பெரும்பாலும் அப்படியே இறங்கும். ஆகவே இருவருடைய எண்களை ஒப்பிட்டு அவர்தம் தந்தைவழி ஒன்றோ வேறோ என அறியலாம்.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் பிரயன் ஸைக்ஸ் தம் பெயரையே முதற்கண் சோதனைக்குக் கொண்டார். அப்பெயருடைய 48 ஆடவரைச் சோதித்து, ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரே அடையாளம் உடையரெனக் கண்டு, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதல்வன் ஒருவனே என்பது அவர் துணிபு. பின்பு லெஸ்டர் பல்கலைக் கழகத்து டூரி கிங் அம்மையாரும் மார்க் ஜாப்ளிங் என்பவரும் 40 குடிப்பெயர்களை ஆராய்ந்து 2009-ல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அட்டன்பரோ போன்ற அரிய பெயருடையாரிற் பெரும்பாலோர் ஒரே வழியினராயினர். ஸ்மித்துகளோ ஒருவருக்கொருவர் அயலாரே போன்றனர். ஊர்தோறும் கொல்லன் இருந்தானன்றோ!

மற்றைப் பாதி ஸைக்ஸ்கள் எங்கிருந்து வந்தனர் என மாணவர் வினவக்கூடும். தத்தெடுத்த பிள்ளையும், தாயின் இரண்டாம் கணவன் பெயரை மேற்கொண்டவனும், சொத்தின் பொருட்டு மனைவி வீட்டுப் பெயரைப் பூண்டவனும், மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறந்தவனும் இக்கூட்டத்தில் அடங்குவர். தலைமுறைக்கு நூற்றுக்கு இருவரே இவ்வாறு பிரிவரென வைத்துக்கொண்டாலும், 25 தலைமுறைகளில் பழைய வழியினர் நூற்றுக்கு 60 பேரே எஞ்சுவர். ஆதலின் எண்கள் ஒவ்வாமை கண்ட மாத்திரத்தில் தாயையோ பாட்டியையோ ஐயுறுவது பெரும் அநீதியாகும். முறிவு எந்நூற்றாண்டில் நேர்ந்ததென்பதை ஒரு சோதனை தானே கூறாது. அன்றியும், பத்துத் தலைமுறை மேலே ஒருவனுக்கு முன்னோர் இடங்கள் 1,024 உள. குடிப்பெயர் அவற்றுள் ஒன்றையே சுட்டும். ஏனைய 1,023-ஐப் பற்றி அது மௌனம் சாதிக்கின்றது.

2007-ஆம் ஆண்டில் லெஸ்டர் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட செய்தியொன்று இங்கே குறிக்கத்தக்கது. யார்க்ஷயர் நாட்டைச் சார்ந்த அரிய குடிப்பெயருடைய வெள்ளையர் ஒருவரிடத்து, மேற்கு ஆப்பிரிக்க மக்களிடத்தே காணப்படும் மிக அரிய ஒய் குரோமோசோம் இருந்தது. தோற்றத்திலேனும் குடும்பச் செய்திகளிலேனும் அதற்குச் சிறிதும் குறிப்பில்லை. அப்பெயருடைய பதினெண்மரைச் சோதித்தபோது எழுவரிடத்து அஃது இருந்தது. பதிவேடுகளின் வழியே மேற்சென்றபோது அவ்வெழுவரும் 1780-களில் யார்க்ஷயரில் வாழ்ந்த இரு குடும்பங்களிற் சேர்ந்தனர்; அவ்விரண்டையும் இணைக்கும் ஏடு கிடைத்திலது. உரோமர் படையொடு பிரித்தானியாவிற்கு வந்த ஆப்பிரிக்க வீரனொருவன் அவர்தம் முன்னோனோ, பிற்காலத்து அடிமை வாணிகத்தாற் கொணரப்பட்டவனோ, குரோமோசோம் அதனைச் சொல்லவில்லை. அதே பெயரைத் தாங்கிய ஏனைப் பதினொருவரிடத்தும் அவ்வடையாளம் காணப்படவில்லை.