ஹைக் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தென்னங்கணக்கு

அப்ரைசல் நேரம். "20% அதிகம் குடுத்தா கம்பெனி மாறிடலாமா?"னு யோசிச்சுட்டு இருப்பீங்க. மாறலாம், தப்பே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் நீளமா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

நெட்டைத் தென்னை காய்க்க 6, 7 வருஷம் ஆகும். கீழப்பாவூர் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்க, யாரும் சும்மா உட்கார்ந்து காத்திருக்க மாட்டாங்க. ஊடுபயிர் போட்டு அந்தந்த வருஷச் செலவைச் சமாளிப்பாங்க. தென்னை எதிர்காலத்துக்கு, ஊடுபயிர் இன்னைக்கு. ரெண்டும் வேணும்.

அதே வட்டாரத்துல மத்தளம்பாறைன்னு ஒரு கிராமம். அங்க ஸோஹோ அலுவலகம் இருக்கு. 1996-ல அட்வென்ட்நெட்-ங்கிற பேர்ல ஆரம்பிச்ச கம்பெனி அது. வெளி முதலீட்டாளர் பணம் வாங்காம, விக்கிற மென்பொருள்ல வர்ற லாபத்துலயே வளர்ந்தது. காலேஜ் போகாத பிள்ளைகளையும் உதவித்தொகை குடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கு எடுத்தாங்க. அதோட பலன் அடுத்த காலாண்டு கணக்குல தெரியாது, சில வருஷம் கழிச்சுதான் தெரியும். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு ஆராய்ச்சிப் பக்கம் போனார். தனக்கு அடுத்து ஆள் தயாரா இருக்கிறதும் தலைமைப் பண்புதான்.

இப்போ நம்ம கணக்கு. மாசம் ₹5,000 போடுறீங்க, வருஷம் 10% வளருதுன்னு வெச்சுக்குவோம் (உதாரணம்தான், உத்தரவாதம் இல்ல).

10 வருஷம்: சுமார் ₹10 லட்சம்
20 வருஷம்: சுமார் ₹38 லட்சம்
30 வருஷம்: சுமார் ₹1.13 கோடி

10-வது வருஷம் அந்த 10 லட்சத்தை எடுத்துச் செலவு பண்ணிட்டு, மறுபடி முதல்ல இருந்து போட்டா? 30-வது வருஷம் கையில 38 லட்சம்தான் இருக்கும். அதாவது, நீங்க எடுத்தது 10 லட்சம், இழந்தது 75 லட்சம்!

அதனால மூணு விஷயம் பண்ணுங்க:

1. ஊடுபயிர்: 6 மாசச் செலவுக்கான பணத்தைத் தனியா வைங்க. அது இருந்தாதான் அவசரத்துக்கு நீண்டகால முதலீட்டுல கை வைக்க மாட்டீங்க.

2. பி.எஃப்.: கம்பெனி மாறும்போது எடுக்காதீங்க, புதுக் கணக்குக்கு மாத்துங்க. தொடர்ச்சியா 5 வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா பொதுவா வரியும் உண்டு. மாத்தினா பழைய சர்வீஸும் சேரும்.

3. ஆள்: உங்க வேலையை ஒரு ஜூனியருக்குக் கத்துக்குடுங்க. "இவர் இல்லாம இந்த வேலை ஓடாது"ன்னு பேர் வாங்கினவரை, அந்த இடத்துலயே வெச்சிருக்கத்தான் மேனேஜருக்குத் தோணும்.

புது ஆஃபர் வந்தா சம்பளத்தோட இதையும் கேளுங்க: 5 வருஷம் கழிச்சு இந்த வேலை எனக்கு என்ன கத்துக்குடுத்திருக்கும்? பதில் திருப்தியா இருந்தா, தைரியமா மாறுங்க.