மட்டுப்படுத்தப்பட்ட வருமானத்தில் தரமான தளபாடங்களைத் தெரிவுசெய்தல்

மாணவர்களே, இப்பகுதியிலிருந்து வரும் வினாக்களுக்கு "விலை குறைந்த தளபாடத்தை வாங்குதல்" என ஒரே வரியில் விடையெழுதுவோர் பலர். இது போதிய விடையன்று. விலை, பாவனைக் காலம், சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான தெரிவாகும்.

மன்னார் மாவட்டத்தில் 1990 இலும் போரின் இறுதி ஆண்டுகளிலும் இடம்பெயர்ந்து, வீட்டுப் பொருள்களை இழந்து, ஒரு பாயிலிருந்தும் ஒரு கதிரையிலிருந்தும் மீண்டும் ஆரம்பித்த குடும்பங்கள் பல. அவ்வாறான வீட்டில் தவறாக வாங்கிய ஓர் அலுமாரி, பிள்ளையின் படிப்புச் செலவிலிருந்து கழிகிறது. ஆகவே இப்பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று.

1. விலையும் பாவனைக் காலமும்

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

மேசை அ: விலை ரூபா 12,000. பாவனைக் காலம் 3 ஆண்டுகள். ஆண்டுச் செலவு ரூபா 4,000.
மேசை ஆ: விலை ரூபா 30,000. பாவனைக் காலம் 20 ஆண்டுகள். ஆண்டுச் செலவு ரூபா 1,500.

உண்மையில் மலிவானது மேசை ஆ ஆகும். "கையில் ரூபா 30,000 இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான வழிகள்:

• தேவைகளை வரிசைப்படுத்தி, ஒரே முறையில் எல்லாவற்றையும் வாங்காது ஒவ்வொன்றாக வாங்குதல்.
• பல பயன் தரும் தளபாடத்தைத் தெரிதல். உதாரணம்: உள்ளே பொருள் வைக்கக்கூடிய வாங்கு.
• பழைய தேக்கு, முதிரைக் கதிரைகளை வாங்கி, தச்சரைக் கொண்டு மூட்டுகளை இறுக்கிப் பிரம்பு பின்னுவித்தல்.

2. சூழலுக்குப் பொருத்தமான மூலப்பொருள்

தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி போன்ற கரையோர ஊர்களில் காற்றில் உப்பு கலந்துள்ளது. பொருள்களில் படியும் உப்பு ஈரத்தை ஈர்ப்பதால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். எனவே மெல்லிய இரும்புக் குழாய்க் கட்டில் இங்கு நீடிக்காது. ஆணி, பிணைச்சல் என்பன பித்தளையாகவோ கறையில் உருக்காகவோ இருப்பது நன்று.

மரத்தூளைப் பசையுடன் அழுத்திச் செய்த பலகை பார்வைக்கு அழகானது, விலையும் குறைவு. ஆனால் விளிம்பின் வழியே ஈரம் புகுந்தால் ஊதிவிடும். பின் திருகாணி பிடிக்காது. மாரி காலத்தில் நிலம் ஈரமாகும் வீடுகளுக்கு இது பொருந்தாது.

மரம் வாங்கும்போது "வைரம்" எனப்படும் முதிர்ந்த உட்பகுதியையே கேட்க வேண்டும். வெளிப்புறத்து வெளிறிய பகுதியைக் கறையானும் வண்டும் எளிதில் தாக்கும். தேக்கு, முதிரை விலை கூடியவை. வேம்பு பொதுவாக அவற்றை விட மலிவானது. பூச்சிகளையும் ஓரளவு எதிர்க்கும். பனைமரத்தில் நிலைமை மாறானது: அதன் வெளிப்புறமே உறுதியானது, நடுப்பகுதி மென்மையானது.

பருமனைக் கண்டு தரத்தை முடிவு செய்யக்கூடாது. பள்ளிமுனையிலுள்ள புகழ்பெற்ற பெருக்கமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் மேற்பட்டது. எனினும் பெருக்கமரம் நீரைத் தேக்கிவைக்கும் மென்மையான மரமாதலால், அதிலிருந்து ஒரு நல்ல கதிரையும் செய்ய முடியாது.

3. வாங்குமுன் பரிசோதிக்க வேண்டியவை

• சமதரையில் வைத்து மூலைகளை அழுத்துதல்: ஆடக்கூடாது.
• மூட்டுகளைப் பார்த்தல்: ஒரு துண்டின் முனையை நாக்குப்போல் செதுக்கி மற்றத் துண்டின் துளைக்குள் இறுக்கிய மூட்டு, ஆணி மட்டும் அடித்த மூட்டை விட உறுதியானது.
• கவிழ்த்துப் பார்த்தல்: அடிப்பகுதியிலும் பின்பக்கத்திலும் வேறு மரமோ வெளிறோ உள்ளதா எனக் கவனித்தல்.
• சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் காணப்பட்டால் தவிர்த்தல். அது வண்டின் அடையாளம்.
• லாச்சிகளையும் கதவுகளையும் பலமுறை திறந்து மூடுதல்.
• வீட்டு வாசலின் அகலத்தை முன்னரே அளந்து செல்லுதல்.

4. பணம் செலுத்தும் முறை

கைக்காசுக்கு ரூபா 60,000 ஆன அலுமாரியைத் தவணை முறையில் வாங்குவதாகக் கொள்வோம். ஆரம்பக் கொடுப்பனவு ரூபா 15,000. மாதம் ரூபா 4,750 வீதம் 12 மாதங்களுக்கு ரூபா 57,000. மொத்தம் ரூபா 72,000. மேலதிகச் செலவு ரூபா 12,000, அதாவது கைக்காசு விலையின் 20%. மாதத் தவணையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. மீன்பிடி போன்ற, மாதந்தோறும் மாறும் வருமானமுள்ள குடும்பத்துக்குத் தவணை தவறும் ஆபத்தும் உண்டு.

மொறட்டுவை போன்ற தூர இடத்திலிருந்து தருவிப்பதாயின் ஏற்றுக்கூலியையும் விலையுடன் கூட்டுக. பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுக. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அது முக்கிய சான்றாகும்.

பயிற்சி வினா

பேசாலையில் வசிக்கும் நால்வர் கொண்ட குடும்பமொன்றிடம் ரூபா 50,000 உண்டு. படிக்கும் மேசை, கட்டில், அலுமாரி, வரவேற்பறைக் கதிரைத் தொகுதி என்பன இல்லை. அவர்கள் முதலில் வாங்க வேண்டியதைக் காரணத்துடன் குறிப்பிட்டு, கவனிக்க வேண்டிய நான்கு விடயங்களை விளக்குக.

விடைக்குறிப்பு: தேவையின் முன்னுரிமை, கரையோரச் சூழலுக்கேற்ற மூலப்பொருள், மூட்டுகளின் உறுதி, ஆண்டுச் செலவும் செலுத்தும் முறையும். ஒவ்வொன்றுக்கும் "ஏனெனில்" என்று ஒரு காரணம் எழுதுங்கள். பட்டியல் மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. காரணம் தெரியாமல் வாங்கினால் வீட்டிலும் பொருள் நிலைக்காது.