அடியிறக்கமும் நீரொழுக்கும்

சேலம் நகரினின்று இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர், ஏறக்குறைய 5,000 அடி உயரத்திலுள்ள அம்மலையின் ஏரியையும் குளிர்காற்றையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். 1820-களில் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இச்சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார் என்பதையும் பலர் அறிவர். ஆயின், சரிவுகளில் நின்று காப்பிப்பழம் பறிக்கும் மாதரும், விறகுக்கட்டைத் தலையிலேற்றி இறங்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்டிரும் அச்சுமையேயன்றி வேறெதைச் சுமக்கின்றனர் என்று ஆராய்வோர் சிலரே. பெற்ற தாயிடத்தும் சொல்ல நாணும் ஒரு நோயைக் குறித்து எழுத இங்கே துணிந்தோம். நோயைப் பேசுதல் இழிவன்று. பேசாது மறைத்துத் துன்புறுதலே பரிதாபத்திற்குரியது.

நம் தாய்மார் 'அடியிறங்குதல்' என்று கூறுவது யாதெனில், கர்ப்பப்பை தன் நிலையினின்று தளர்ந்து யோனிவழியே கீழிறங்குதலாம். இடுப்பெலும்பின் அடியிலே தசைகள் ஒரு தொட்டிலைப்போல் அமைந்து, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்கிநிற்கின்றன. அவற்றை மேலிருந்து இழுத்துப் பிடிப்பன பந்தங்கள். பிரசவ காலத்தில் இத்தசைகளும் பந்தங்களும் நீண்டு கிழிவதுண்டு. பல பிரசவங்கள், பேற்றுக்குப்பின் ஓய்வின்றிச் சுமை தூக்குதல், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், தேகப் பருமன், முதுமை ஆகியவை அத்தளர்ச்சியை வளர்க்கும். அப்பொழுது கர்ப்பப்பை மாத்திரமன்றி, முன்புறத்தே மூத்திரப்பையும், பின்புறத்தே மலக்குடலும் புடைத்திறங்கலாம்.

நீரொழுக்கு என்பது இதற்கு உடன்பிறந்தாள் போன்றது. எனினும் அஃது ஒருவகையன்று. இருமினும் தும்மினும் சுமை தூக்கினும் நீர் கசிவது ஒருவகை. திடீரென்று நீர்ப்போக்கு முட்டி, மறைவிடம் சேருமுன் ஒழுகிவிடுவது மற்றொருவகை. இரவும் பகலும் இடையறாது ஒழுகுமாயின், நெடும்பிரசவ வேதனையினால் மூத்திரப்பைக்கும் யோனிக்கும் இடையே துவாரம் விழுந்திருக்கக் கூடும். முன்னதற்கு இரண சிகிச்சை உண்டு. இரண்டாவதற்கு மூத்திரப்பையைப் பழக்குதலும் மருந்துமே முதன்மையானவை. மூன்றாவதற்கு அத்துவாரத்தை அடைத்துத் தைத்தல் வேண்டும். ஆகவே வகையறியாது கத்தியெடுத்தல் தகாது.

கத்திக்கு முன்னரே செய்யத்தக்கன உள. 1948-இல் கீகல் என்னும் அமெரிக்க வைத்தியர் இடுப்படித் தசைகளைப் பயிற்றும் முறையை வெளியிட்டார். நீரை அடக்குவதுபோல் அத்தசைகளைச் சுருக்கித் தளர்த்துதலே அது. தடவைக்கு எட்டு முறையேனும், நாளொன்றுக்கு மூன்று தடவையாக, மூன்று மாதம் செய்யின், இருமலிற் கசியும் நீர் பலருக்குக் குறையும். இறங்கிய உறுப்பைத் தாங்க, வைத்தியர் அளவறிந்து பொருத்தும் வளையமும் உண்டு. காசும் கத்தியும் வேண்டாத இவ்வழிகளை மலைக்கிராமத்துச் செவிலியரே கற்பிக்கலாம்.

இவற்றால் தீராதபோது இரண சிகிச்சை வேண்டப்படும். கர்ப்பப்பையை எடுத்துவிடுதலே ஒரே வழியென்று பலர் எண்ணுவது பிழை. 1888-இல் மான்செஸ்டர் நகரத்து டானல்ட் என்பார், நீண்டுபோன கர்ப்பப்பைக் கழுத்தை மாத்திரம் குறைத்து, யோனிச்சுவரைத் தைத்துப் பலப்படுத்தினார். பிள்ளைப்பேற்றை இன்னும் விரும்பும் இளமாதரின் துயரைக் கருதி வழி கண்டவருள் இருவர் நம் தேசத்தாரே. பம்பாயிலிருந்த ஷிரோட்கர் (1899–1971), கர்ப்பப்பைக் கழுத்தை ஒரு கச்சினால் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு பிணைத்தார். அந்நகரத்துப் புரந்தரே அதனை வயிற்றின் முன்சுவரோடு பிணைத்தார். கர்ப்பப்பையைக் காத்துக்கொண்டே இறக்கத்தை நீக்கும் இவர்தம் முறைகள் உலகெங்கும் மகளிர் மருத்துவ நூல்களிற் பயிலப்படுகின்றன.

நீரொழுக்கிற்கு 1961-இல் பர்ச் என்பவர் மூத்திரப்பையின் கழுத்தருகே யோனிச்சுவரை மேலேந்தித் தைக்கும் முறையைக் கூறினார். 1990-களில் சுவீடன் தேசத்து உல்ம்ஸ்டன், நீர்த்தாரையின் கீழே மெல்லிய செயற்கைநாடாவை ஊஞ்சல்போல் இடும் முறையைக் கண்டார்.

நிற்க, இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இறக்கத்தைத் தாங்க யோனிவழியே செயற்கைவலை பொருத்துதல் சிலகாலம் பெருவழக்காயிற்று. அவ்வலை சிலருக்குத் திசுவை அரித்து வெளிப்பட்டு, நீங்காத நோவையும் விளைத்தது. அதனால் 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசின் மருந்துக் கண்காணிப்புத்துறை, இறக்கத்திற்காக அவ்வலைகளை விற்றலை நிறுத்தும்படி ஆணையிட்டது. புதியது யாவும் நன்றென்று கொள்ளற்க என்பதற்கு இஃது ஒரு சான்றாம்.

இன்னும் ஒன்று. இறங்கிய உறுப்பு நீர்த்தாரையை மடித்து அடைத்திருத்தலும் உண்டு. இறக்கத்தை நீக்கியபின் அம்மடிப்பு நேராகி, முன்பில்லாத நீரொழுக்குத் தோன்றலாம். இதனை முன்கூட்டியே சோதித்து நோயாளிக்கு விளக்குதல் வைத்தியர் கடன். அதனைக் கேட்டறிதல் நோயாளியின் உரிமை.

தையல் நன்றாயினும், மீண்டும் சுமை தூக்கின் இறக்கம் திரும்பக் கூடும். ஆறு வாரமேனும் பாரம் தூக்காதிருத்தல் வேண்டும் என்று வைத்தியர் கூறுவர். தினக்கூலியால் அடுப்பெரியும் வீட்டில் அவ்வாறு வாரத்தை யார் கொடுப்பர்? கணவன் தண்ணீர் சுமக்கவும், மாமியார் பொறுக்கவும், தோட்ட முதலாளி இலகுவான வேலை தரவும் ஒருப்படாவிடின், வைத்தியரின் உழைப்பு வீணாம். இந்நோயின் சிகிச்சை ஆஸ்பத்திரியிற் பாதியும் இல்லத்திற் பாதியுமாகும் என்பது நம் கருத்து.

மலையடிவாரத்தே சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளது. ஆதலின் தொலைவினும் நாணமே பெருந்தடையாகின்றது. கல்வி பயிலும் நம் மாணவ மாணவியர் விடுமுறைக்கு வீடு செல்லுங்கால், தம் தாயோ பாட்டியோ இருமும்போது ஆடையைப் பற்றிக்கொள்வதையும், தொலைவழிப் பயணத்திற்கு அஞ்சுவதையும் கவனிப்பாராக. 'வயதானால் இப்படித்தான்' என்று அவர் கூறின், 'அன்று அம்மா, இதற்கு வழியுண்டு' என்று அன்போடு சொல்லி உடனழைத்துச் செல்வாராக. கற்ற கல்வியின் பயன் அங்கே தொடங்கும்.