கவாலியர் ஸ்பானியல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நீண்டு தொங்கும் காதுகளும் உருண்ட கரிய கண்களும், ஏறத்தாழ 5.5 முதல் 8 கிலோ வரை எடையும் கொண்ட கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல், வீட்டுத் துணைக்காக வளர்க்கப்படும் சிறிய நாய் இனங்களுள் பெரிதும் விரும்பப்படுவது. அதன் சாந்த குணத்தைப் பற்றிச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையே. ஆனால் அதன் பிறப்பையும் உடல்நலத்தையும் பற்றி வழங்கிவரும் நம்பிக்கைகளுள் சில வெறும் கதைகள். வேறு சில, நாய் படும் துன்பத்தை அதை வளர்ப்பவரின் கண்ணுக்கே தெரியாமல் மறைத்துவிடுபவை.

இங்கிலாந்தை 1660 முதல் 1685 வரை ஆண்ட இரண்டாம் சார்லஸ், இந்த நாய் நாடாளுமன்றம் உட்பட எந்தப் பொது இடத்துக்குள்ளும் நுழையலாம் எனச் சட்டம் இயற்றினார் என்றும், அச்சட்டம் இன்றும் செல்லும் என்றும் பலர் நம்புகின்றனர். அப்படியொரு சட்டம் இருந்ததற்குச் சான்று இல்லை. அரசருக்கு ஸ்பானியல்கள் மீது இருந்த பற்று மட்டும் உண்மை; அலுவல்களைக் கவனிக்காமல் அவர் நாயோடு விளையாடிக்கொண்டிருந்ததைச் சாமுவேல் பீப்ஸ் தமது 1667ஆம் ஆண்டு நாட்குறிப்பில் குறைகூறி எழுதியுள்ளார்.

இன்றைய கவாலியர் அந்த அரண்மனை நாய்களின் நேர்த்தொடர்ச்சி என்ற எண்ணமும் திருத்தம் வேண்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பழைய ஸ்பானியல்களின் வழிவந்தவை தட்டையான முகமும் குவிந்த மண்டையும் உடையனவாக மாற்றப்பட்டுவிட்டன. ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களில் காணும் நீண்ட மூக்குடைய நாயை மீட்க விரும்பி, 1926இல் லண்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு அறிவித்தார். 1928இல் இதற்கெனச் சங்கம் தோன்றியது. 1945இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. ஆகவே, இன்றைய வடிவில் இது ஏறத்தாழ நூறாண்டு வயதுடைய இனமே. சில நாய்களிலிருந்தே பெருக்கப்பட்டதால் மரபணு வேறுபாடு குறுகிப்போனதை மனத்தில் கொண்டால்தான் பின்வரும் நோய்களின் பரவல் விளங்கும்.

இதய நோய் கிழட்டு நாய்களுக்கு வருவது என்ற பொதுக் கருத்து, இந்த இனத்தைப் பொறுத்தவரை ஆபத்தானது. இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள ஈரிதழ் வால்வு நாளடைவில் தடித்துச் சிதைந்து, முழுமையாக மூட இயலாமல் போகும்போது, ரத்தத்தின் ஒரு பகுதி பின்னோக்கிக் கசிகிறது. அக்கசிவின் ஓசையே ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இதய முணுமுணுப்பு. பிற சிறிய இனங்களில் முதுமையில் தோன்றும் இது, கவாலியர்களில் 5 வயதளவிலேயே ஏறக்குறைய பாதி நாய்களிடம் காணப்படுகிறது. 10 வயதில் தப்பியவை மிகச் சில. வாய்ச் சுகாதாரக் குறைவால் கிருமிகள் பரவி இந்நோய் வருகிறது என்று சொல்லப்படுவதும் சரியன்று. பல் துலக்குவது அவசியம் என்றாலும், இச்சிதைவு மரபுவழி வருவது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. முணுமுணுப்பு கேட்டது என்றவுடன் நாயின் வாழ்வு முடிந்தது எனக் கலங்குவோரும், உடனே மாத்திரை தொடங்கவேண்டும் என வற்புறுத்துவோரும் உள்ளனர். உண்மையில், முணுமுணுப்பு இருந்தும் இதயம் பெரிதாகாத நிலையில் பொதுவாக மருந்து தேவையில்லை. ஆண்டுதோறும் பரிசோதனை போதும். இதயம் வீங்கிவிட்டது என்பது எக்கோ எனப்படும் ஒலியலைப் படத்தின் வழி உறுதியானால், அறிகுறி தோன்றும் முன்பே பிமோபெண்டன் என்னும் மருந்தைத் தொடங்குவது, இதயச் செயலிழப்பைச் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போடுகிறது என்பதை 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது. வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள கண்காணிப்பு எந்தச் செலவும் இல்லாதது: நாய் அயர்ந்து தூங்கும்போது, மார்பு ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துவர வேண்டும். இந்த எண்ணிக்கை 30ஐத் தாண்டி நிலைத்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கக்கூடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கழுத்தைச் சொறிந்தால் உண்ணி அல்லது ஒவ்வாமை என்று முடிவுகட்டுவது இந்த நாய்களுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி. கவாலியரின் மண்டையோட்டின் பின்பகுதி மூளைக்குப் போதிய இடம் தராததால், சிறுமூளையின் ஒரு பகுதி மண்டையின் அடித்துளை வழியே கீழே நெருக்கப்படுகிறது. கியாரி போன்ற குறைபாடு எனப்படும் இதனால் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரின் ஓட்டம் தடைபட்டு, தண்டுவடத்தின் உள்ளேயே நீர் நிறைந்த குழிகள் உருவாகின்றன. இந்நிலைக்குச் சிரிங்கோமையீலியா என்று பெயர். அப்போது நாய் நடந்துகொண்டே ஒருபக்கப் பின்னங்காலைக் காற்றில் சொறிவதுபோல் அசைக்கும்; கால் தோலைத் தொடுவதுகூட இல்லை. தூக்கும்போது அலறுதல், படியேறத் தயங்குதல், தலையை உயர்த்தி வைத்தே உறங்குதல் ஆகியவையும் வலியின் அடையாளங்கள். உறுதிப்படுத்த எம்ஆர்ஐ படம் தேவை. குணப்படுத்த இயலாவிடினும் வலியைக் கட்டுப்படுத்த மருந்துகள் உள்ளன. கழுத்துப்பட்டையைத் தவிர்த்து மார்புப்பட்டை அணிவிப்பதுகூட அந்நாய்க்கு ஆறுதலாகும்.

ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைவு என்று வந்தால் நோய் என்றே கொள்ளும் வழக்கமும் கவனத்துக்குரியது. ரத்தம் உறைய உதவும் இச்சிறு அணுக்கள் பல கவாலியர்களில் பிறவியிலேயே எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெரிதாகவும் இருப்பதால், எண்ணும் கருவி அவற்றைத் தவறவிடுகிறது. தட்டணுக்களைக் குறைக்கும் உண்ணிக் காய்ச்சல் மிகுந்த தமிழ்நாடு போன்ற இடங்களில் இது வீண் சிகிச்சைக்கு இட்டுச்செல்லக்கூடும். நுண்ணோக்கியில் ரத்தப்பூச்சைப் பார்த்த பின்னரே முடிவெடுப்பது முறை.

மடியில் உறங்கும் நாய்க்கு நடை வேண்டாம் என்பதும் பிழை. ஸ்பானியலுக்குரிய துரத்தும் இயல்பு அதனிடம் மங்கவில்லை. அன்றாட நடை அதற்குத் தேவை, ஆனால் பறவையைக் கண்டால் சாலையையும் பாராமல் ஓடும் என்பதால் வார் இன்றி விடக்கூடாது.

நார்வே உச்ச நீதிமன்றம் 2023இல் அளித்த தீர்ப்பு, கவாலியர் வளர்ப்பதையே தடைசெய்தது எனத் திரித்துச் சொல்லப்படுகிறது. அத்தீர்ப்பு, நோய்ச்சுமை கருதி, இந்நாய்களை இனத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு மாறானது என்றது. வீட்டில் இருக்கும் நாயை வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. டென்மார்க்கில் கட்டாய இதயப் பரிசோதனைக்குப் பின்னரே இனப்பெருக்கம் அனுமதிக்கப்பட்டதால் முணுமுணுப்புள்ள நாய்களின் விகிதம் குறைந்தது என்பது, தேர்ந்தெடுப்பின் வலிமையைக் காட்டுகிறது. குட்டி வாங்க விரும்புவோர் நிறத்தையும் வம்சாவளித் தாளையும் கேட்பதற்கு முன், தாய் தந்தையின் இதயப் பரிசோதனைச் சான்றையும், அவற்றைப் பெற்ற பாட்டன் பாட்டி நாய்கள் 5 வயதிலும் முணுமுணுப்பின்றி இருந்தனவா என்பதையும், பெற்றோருக்கு எம்ஆர்ஐ எடுக்கப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும். இவற்றைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது.