பயோடேட்டாவில் முதலில் பெயரைப் பாருங்கள்

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், சங்கத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒரு பெற்றோர் மகனுடைய பயோடேட்டாவை நீட்டி, "சார், கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். நான் முதலில் பார்ப்பது மார்க்கை அல்ல, பெயரை.

நம்மவர்களுக்கு இனிஷியல்தான் தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கார்த்திக்' என்றிருக்கும். ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணியன்'. பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும். தில்லி அலுவலகங்களில் 'சர்நேம் என்ன?' என்று கேட்டபோது நாம் வாய்க்கு வந்ததைச் சொன்னதன் பலன் இது. ரயில்வே தேர்வு வாரிய விண்ணப்பத்தில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். பரீட்சையில் தேறிய பிள்ளை சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் போய் விழிக்கக் கூடாது. ஆதாரையும் பானையும் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

டிப்ளமோ படித்தவர்களுக்கான ஜூனியர் இன்ஜினியர் வேலைக்கு நேர்முகத் தேர்வே கிடையாது என்பது பலருக்குத் தெரியவில்லை. மத்திய அரசின் குரூப் 'சி' பதவிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு கணினித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, அவ்வளவுதான். 'இன்டர்வியூ போர்டில் நமக்கு ஆள் இருக்கிறது' என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தனியார் கம்பெனிகளில் நேர்முகம் உண்டு. நான் இளைஞனாக ஓர் இடத்துக்குப் போனபோது, மொழிகள் என்ற கட்டத்தில் 'ஹிந்தி: படிக்க, எழுத, பேச' என்று போட்டிருந்தேன். ஊரில் பிராத்மிக் பாஸ் செய்த தைரியம்! உட்கார்ந்ததும் ஹிந்தியிலேயே கேள்வி வந்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு தொழிலைப் பற்றி நான் சரியாகச் சொன்ன பதில்களையும் அவர்கள் நம்பவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

நம் பிள்ளைகள் இப்போது அதையே தமிழில் செய்கிறார்கள். வீட்டில் பேசுவதோடு சரி, எழுதத் தெரியாது, ஆனால் மூன்றையும் போடுகிறார்கள். ஸ்டேட் வங்கி கிளார்க் வேலைக்குத் தமிழ்நாட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தால் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ தமிழைப் பாடமாகப் படித்த மதிப்பெண் பட்டியல் இருந்தால் மொழித் தேர்வு இல்லை. டி.டி.இ.ஏ. பள்ளிகளில் தமிழ் எடுத்த குழந்தைகள் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இன்னொன்று, ரெபரன்ஸ். அரசு வேலைக்குத் தேர்வானபின் நிரப்பும் படிவத்திலும் நம்மை அறிந்த இருவர் பெயர் கேட்பார்கள். அதில் தவறான தகவல் தந்தாலும், எதையாவது மறைத்தாலும் வேலை போய்விடும். பெயர் கொடுக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, இப்போதைய முகவரியையும் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. பையன் என்னிடம் சொல்லாமலே என் பெயரைப் போட்டிருக்கிறான். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் தெரிந்தது, எதிர் பிளாக் நண்பரின் மகனாம்.